வைக்கோலின் பாரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கனமான பொருளைக் கண்டால் மனிதனுக்கு இயல்பாகவே எச்சரிக்கை வந்துவிடுகிறது. கருங்கல் ஏற்றிய வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கிறோம். இரும்புக் கம்பி ஏற்றிய வண்டியின் மேல் எவரும் ஏறி அமர்வதில்லை. ஆனால் வைக்கோல் வண்டியைக் கண்டு அஞ்சுவோர் யாரும் இல்லை. சிறுவர்கள் அதன் பின்னால் ஓடுகிறார்கள். வேலை முடிந்த பெண்கள் அதன் உச்சியில் அமர்ந்து வீடு திரும்புகிறார்கள். "வைக்கோல்தானே! விழுந்தாலும் வைக்கோல் மேல்தானே விழப் போகிறோம்" என்பது நம் எல்லோருடைய எண்ணம்.

அந்த எண்ணம் பெரும் தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நூலில் படித்ததை மட்டும் கொண்டு இதை எழுதவில்லை. என் குடும்பம் விலை கொடுத்துக் கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிழக்கே வலை, மேற்கே கலப்பை

எங்கள் ஊர் எளாவூர். சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடையே உள்ளது. நெடுஞ்சாலையில் செல்லும் லாரி ஓட்டுநர்களுக்கு எங்கள் ஊர் சோதனைச் சாவடியால் தெரியும். மற்றவர்களுக்குப் பழவேற்காடு ஏரியால் தெரியும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி நம்முடையது. ஏரியை ஒட்டிய குப்பங்களில் மக்கள் வலையை நம்பி வாழ்கிறார்கள். அங்கிருந்து சற்று மேற்கே வந்தால் நெல் வயல்கள். அங்கே கலப்பையை நம்பி வாழ்பவர்கள் நாங்கள்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் வரும். நெல் வீட்டை விட்டுப் போய்விடும். வைக்கோல்தான் ஆண்டு முழுவதும் எங்களோடு தங்கும். கோடையில் பசும்புல் காய்ந்த பிறகு மாடுகளுக்கு அதுவே உணவு. என் கல்லூரிக் கட்டணத்திலும் பேருந்துச் செலவிலும் ஒரு பகுதி பால் பணத்திலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்படியானால் நான் படிப்பதும் ஒரு வகையில் அந்த வைக்கோலைக் கொண்டுதான்.

போரிலிருந்து கட்டுக்கு

கையால் கதிர் அறுத்த நாளில் வைக்கோல் நீளமாக இருந்தது. அதைப் பிரியாக முறுக்கிக் கயிறாக்கலாம். உதறிப் பரப்பிப் போராக அமைக்கலாம். தென் மாவட்டங்களில் படப்பு என்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது வைக்கப்போர். இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. அது நெல்லைப் பிரித்துக்கொண்டு வைக்கோலை நொறுக்கி வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அந்தத் துண்டு வைக்கோலைக் கொண்டு பழைய முறையில் நல்ல போர் அமைக்க முடியாது. ஆகவே வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்தது.

இது டிராக்டரின் பின்னால் பூட்டி இழுக்கப்படுவது. டிராக்டரின் எஞ்சினிலிருந்து ஒரு சுழல் தண்டு வழியாக இதற்குச் சக்தி கிடைக்கிறது. விரல்கள் போன்ற கம்பிகள் தரையில் கிடக்கும் வைக்கோலை வாரி உள்ளே தள்ளுகின்றன. உள்ளே வட்டமாக அமைந்த உருளைகள் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுகின்றன. அறை நிறைந்ததும் சணல் கயிறு அதைச் சுற்றிக்கொள்கிறது. பின்கதவு திறக்க, கட்டு தரையில் உருண்டு விழுகிறது.

இந்த உருளைக் கட்டு அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த அம்மோ லூபன் என்பவர் 1910ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1947இல் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நாடுகளில் இன்று காணப்படும் பெரிய கட்டுகள் பல நூறு கிலோ எடையுள்ளவை. அவற்றைத் தூக்க டிராக்டரின் முன்பக்கம் இரும்புக் கைகள் வேண்டும். நம் ஊரில் சிறிய டிராக்டருக்கு ஏற்றவாறு சிறிய கட்டுகளே கட்டப்படுகின்றன. எங்கள் வயலில் கிடைக்கும் கட்டு ஏறக்குறைய 2 அடி விட்டம், 3 அடி நீளம், சுமார் 20 கிலோ எடை உள்ளது. ஏக்கருக்கு 45 வீதம் மூன்று ஏக்கருக்கும் 135 கட்டுகள் வந்தன. இவற்றை டிரெய்லரில் ஏற்றுவது, வீட்டுக்குக் கொண்டுவருவது, அடுக்குவது ஆகிய மூன்று வேலைகளும் மனிதர் கைகளால் நடப்பவை.

சென்ற ஆண்டு நடந்தது

பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து வாங்கிய பழைய டிராக்டர் ஒன்று எங்களிடம் உண்டு. அதன் திறன் 24 குதிரைத் திறன். அதனுடன் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று. சென்ற ஆண்டு தை மாதத்தில் இரண்டு நடை அடித்துவிட்டோம். வயலில் 45 கட்டுகள் மீதி இருந்தன. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரவுப் பனியில் கட்டுகள் நனையுமே என்று அப்பா முன் நடைகளைப் போலவே ஐந்து அடுக்காக எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு போட்டார். நானும் அத்தையும் உச்சியில் ஏறி அமர்ந்தோம்.

அத்தை என் தந்தையின் தங்கை. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எங்கள் தெருவில் போர் அமைப்பதில் அவருக்கு இணை கிடையாது. மழைக்காலத்துக்கு முன் பிறர் வீட்டிலிருந்தெல்லாம் அவரை அழைத்துப் போவார்கள்.

வயலிலிருந்து பாதைக்கு ஏறும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. பாதை அங்கே ஏற்கெனவே இடப்பக்கம் அரை அடி சரிவு. மழைக்காலத்தில் கரை அரித்துப் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இடச் சக்கரம் ஓர் அடி இறங்கியது. டிரெய்லர் முழுவதுமாகக் கவிழக்கூட இல்லை, சாய்ந்து நின்றுவிட்டது. ஆனால் மேல் அடுக்குகள் சரிந்தன. அவற்றோடு நாங்களும் சரிந்தோம். நான் கட்டுகளின் மேல் விழுந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அத்தை மதகின் சிமெண்டு விளிம்பில் விழுந்தார். அவர்மேல் கட்டு ஒன்றும் விழுந்தது. வலது தோள் எலும்பு முறிந்தது. இன்று அந்தக் கை தோளுக்கு மேல் எழுவதில்லை.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நான் முதல் பருவத் தேர்வில் ஈர்ப்பு மையம் பற்றியும் உறுதிச் சமநிலை பற்றியும் படம் வரைந்து எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருந்தேன். விடைத்தாளில் எழுதத் தெரிந்த எனக்கு, உட்கார்ந்திருந்த வண்டியைப் பார்க்கத் தெரியவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெட்கமே.

ஒரே எடை, வேறு உயரம்

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அதிலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு இரு சக்கரங்களுக்கும் இடையில் விழும் வரையில் வண்டி நிற்கும். கோடு சக்கரத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் வண்டி கவிழும். சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், வண்டி கவிழும் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பு கிடைக்கும். உயரம் கூடக் கூட அந்தக் கோணம் குறையும். எடை இந்தக் கணக்கில் நேராக வருவதே இல்லை!

எங்கள் டிரெய்லரையே எடுத்துக்கொள்வோம். அதன் தளம் 9 அடி நீளம், 6 அடி அகலம். தரையிலிருந்து 3 அடி உயரம். சக்கரங்களுக்கு இடையே நாலரை அடி. காலி வண்டி சுமார் 600 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் இரண்டரை அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஓர் அடுக்குக்கு 9 கட்டுகள்.

முதலில், அன்று ஏற்றியதுபோல் ஐந்து அடுக்கு, 45 கட்டுகள், 900 கிலோ. சுமையின் உச்சி தரையிலிருந்து 12 அடி. வண்டியும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் ஐந்தரை அடி உயரம். கவிழும் கோணம் ஏறக்குறைய 22 பாகை. அதாவது ஒரு பக்கச் சக்கரம் மற்றதைவிட ஒன்றே முக்கால் அடி தாழ்ந்தால் போதும், நிற்கிற வண்டியும் கவிழும்.

அடுத்து, மூன்று அடுக்கு மட்டும், 27 கட்டுகள். ஈர்ப்பு மையம் 4 அடிக்கு இறங்கிவிடுகிறது. கவிழும் கோணம் 29 பாகை.

இப்போது அதே 900 கிலோ எடைக்கு மணல் ஏற்றுவோம். அந்தத் தளத்தில் மணல் நாலரை அங்குல உயரம்தான் நிற்கும். ஈர்ப்பு மையம் 3 அடிக்கும் கீழே. கவிழும் கோணம் சுமார் 38 பாகை. ஒரு சக்கரம் இரண்டே முக்கால் அடி தாழும் வரையில் அந்த வண்டி தாங்கும்.

எடை ஒன்றே. ஆனால் மணல் வண்டி நிற்கிறது, வைக்கோல் வண்டி கவிழ்கிறது. வைக்கோல் இலேசானது; இலேசாக இருப்பதால்தான் நாம் உயரமாக ஏற்றுகிறோம்; உயரமாக ஏற்றுவதால்தான் கவிழ்கிறது. வைக்கோலின் பாரம் அதன் எடையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றுதான்.

அன்று அரை அடிச் சரிவும் ஓர் அடிப் பள்ளமும் சேர்ந்து ஒன்றரை அடிதானே, கணக்கின்படி கவிழ இன்னும் கால் அடி இருந்ததே என்று கேட்கலாம். டிரெய்லர் கவிழாமல் நின்றது அதனால்தான். ஆனால் கணக்கு, சுமை கல்லைப்போல் அசையாமல் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. வைக்கோல் அசையும், அமுங்கும், சாய்ந்த பக்கம் பிதுங்கும். ஓடும் வண்டியின் குலுக்கலும் சேரும். ஆகவே ஏட்டில் வரும் கோணத்தில் பாதியைத்தான் வயலில் நம்பலாம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விழும் கட்டைப் பற்றியும் ஒரு சொல். பத்தடி உயரத்திலிருந்து விழும் பொருள், பஞ்சு மூட்டையானாலும் கருங்கல்லானாலும், காற்றின் தடையைப் பெரிதாகக் கருதாவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 கிலோ பொருள் அந்த வேகத்தில் வந்து மோதுவதை "வைக்கோல்தானே" என்று சொல்ல முடியுமா?

வேகமும் திருப்பமும்

திருப்பத்தில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் மையவிலக்கு விளைவு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. 10 மீட்டர் ஆரமுள்ள திருப்பம் ஒன்றில் ஐந்து அடுக்கு வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், தரை சமமாக இருந்தாலும் அது கவிழும் என்று கணக்குக் காட்டுகிறது. மணிக்கு 10 கிலோமீட்டரில் திரும்பினால் அந்த விசை ஆறில் ஒரு பங்காகிவிடும். பள்ளத்துக்கும் சரிவுக்கும் நாம் ஒன்றும் செய்ய முடியாத இடத்திலும் வேகத்தைக் குறைப்பது நம் காலடியில்தான் இருக்கிறது.

டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வயலில் சட்டென்று திருப்புவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். சுமையோடு பாதையில் ஏறும் முன் இரண்டு மிதிகளையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துப் புரளும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கமும் ஆபத்தானது. பின்னாலிருந்து தள்ளும் சுமையைப் பிடிக்க எஞ்சினின் தடை வேண்டும். எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரில் இறங்குவதே முறை.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தச் சொற்கள் தெரியும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அந்த மாட்டு வண்டியேதான். மாட்டின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது, அவ்வளவே. பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால் கொக்கி மேலே தூக்கப்பட்டு டிராக்டரின் பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். முன்னால் அளவு மீறினால் கொக்கி அழுத்தப்பட்டு முன் சக்கரங்கள் இலேசாகி, திருப்பினாலும் வண்டி திரும்பாது. எனவே அச்சின் இருபுறமும் ஏறக்குறையச் சமமாகவும், முன்பக்கம் சிறிது கூடுதலாகவும் ஏற்ற வேண்டும். இறக்கும்போதும் முன்பக்கத்தை முழுதும் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்துக்கு வரக் கூடாது.

சிறிய டிராக்டருக்கு உரிய இன்னோர் ஆபத்து மல்லாந்து கவிழ்வது. வயலிலிருந்து கரையேறும்போது சுமை பின்னுக்கு இழுக்கிறது. எஞ்சின் பின் சக்கரங்களை முன்னுக்குச் சுழற்றுகிறது. சக்கரம் சுழல முடியாமல் நின்றால், டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி மேலெழும். முன் சக்கரங்கள் வானைப் பார்க்கும். தொடங்கியது முதல் முடிவது வரை ஒன்றரை விநாடிக்குள் நடந்துவிடும். இதற்கு மருந்து, முன் சக்கரம் எழுந்த கணமே கிளட்சை மிதிப்பது. அதைவிட நல்ல மருந்து, டிரெய்லரை எப்போதும் தாழ்வான இழுவைக் கொக்கியிலேயே மாட்டுவது. அச்சைவிட உயரமான இடத்தில் கயிறோ சங்கிலியோ கட்டி இழுத்தால் டிராக்டரை நாமே மல்லாத்துகிறோம் என்று பொருள்.

கலப்பை பாறையில் சிக்கினால் பழைய டிராக்டர்கள் இவ்வாறு மல்லாந்து ஓட்டுநரைக் கொன்றுவந்தன. அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைக்கும் முறையைக் கண்டு அந்த அபாயத்தைக் குறைத்தார். இன்று எந்த டிராக்டரின் பின்னாலும் அந்த மூன்று கைகளைக் காணலாம். 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செய்யும் டிராக்டர்கள் வழியாக அவர் பெயர் நம் வயல்களிலும் உலவுகிறது. சுவீடன் நாடு இன்னும் ஒரு படி சென்று, 1959 முதல் புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருந்தே தீர வேண்டும் என்று விதித்தது. வண்டி கவிழ்ந்தாலும் அந்தச் சட்டம் நசுங்காமல் நின்று ஆளைக் காக்கும். எங்கள் பழைய டிராக்டரில் அது இல்லை. ஆகவே கவனம் ஒன்றே எங்களுக்குச் சட்டம்.

தலைக்கு மேலே

வைக்கோல் வண்டிக்கு மேலேயும் ஒரு பகை உண்டு. அது மின்கம்பி. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வயல்வெளி போன்ற இடங்களில் உறையில்லாத கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர், அதாவது 15 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று வகுத்தன. எங்கள் ஐந்து அடுக்கின் உச்சி 12 அடி. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்தால் தலை 15 அடியைத் தொடும். வெயிலில் கம்பி தொய்யும். வேறு சொல்ல வேண்டியதில்லை. மூன்று அடுக்கின் உச்சியோ எட்டரை அடிதான்.

அடுக்கும் கலை

வண்டியிலிருந்து இறக்கிய கட்டை அடுக்குவதற்கு எனக்கு ஆசிரியர் அத்தையே. அவர் சொல்லும் விதிகளை நான் பாடநூல் மொழியில் பெயர்த்து எழுதுகிறேன்.

முதலாவது, ஈரம். கட்டும்போதே வைக்கோல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் ஈரம் கூடாது. ஈரக் கட்டில் நுண்ணுயிர்கள் பெருகும்; வெப்பம் பிறக்கும்; பூஞ்சணம் பிடிக்கும். பச்சைப் புல்லைக் காயவிடாமல் கட்டி அடுக்கும் நாடுகளில் போர் தானே தீப்பற்றுவதும் உண்டு. கையில் ஒரு பிடி எடுத்து முறுக்கினால் சடசடவென்று முறிய வேண்டும் என்பது அத்தையின் அளவுகோல். அடுக்கிய பின் ஐயம் இருந்தால் கடப்பாரையை உள்ளே செருகி, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாதபடி சுட்டால் தீ அருகில் இருக்கிறது. ஆளைத் தனியே மேலே ஏற்றாமல், தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, உடனே தீயணைப்பு நிலையத்தாரை அழைக்க வேண்டும்.

இரண்டாவது, அடித்தளம். தரையில் நேராக வைத்த கட்டு கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது எங்கள் தெருவில் தரையில் அடுக்கியிருந்த கட்டுகளின் அடி வரிசை முழுவதும் மக்கிப்போனது. மேடான இடத்தில் கல்லையோ பனந்துண்டுகளையோ பரப்பி, அதன்மேல் காய்ந்த பனமட்டைகளை இட்டு அடுக்கினால் கீழே காற்று ஓடும்.

மூன்றாவது, வடிவம். உருளைக் கட்டு உருளும் என்பதை மறக்கக் கூடாது. அடி வரிசையில் 6 கட்டுகளைப் படுக்கவைத்து, இரு ஓரங்களிலும் முளை அடித்துவிட வேண்டும். அவற்றின் இடைப் பள்ளங்களில் 5, அதற்கு மேல் 4, அதற்கு மேல் 3 என்று அடுக்கினால் ஒரு முகப்புக்கு 18 கட்டுகள். இவ்வாறு எட்டு முகப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக 24 அடி நீளத்துக்கு அமைத்தால் 144 கட்டுகள் அடங்கும். எங்கள் 135க்கும் இடம் உண்டு. உயரம் ஏழடிதான். ஏணியும் வேண்டாம், எறியவும் வேண்டாம்.

"கீழ அகலம் இருந்தா மேல தைரியம் இருக்கும்டா" என்பார் அத்தை. முதலாண்டு இயக்கவியல் பாடத்தில் நான் மூன்று பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நான்காவது, கூரை. பழைய போரின் வெளிப்புறத் தாள்கள் கீழ்நோக்கிச் சரிந்திருந்ததால் மழைநீர் கூரையில் ஓடுவதுபோல் வழிந்துவிடும். கட்டுக்கு அந்தக் குணம் இல்லை. அது நீரைக் குடிக்கும். ஆகவே உச்சியில் கட்டாத வைக்கோலைக் கூம்பாகப் போட்டு, அதன்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்ட வேண்டும். பக்கங்களை முழுதும் மூடாமல் காற்றுக்கு வழி விட வேண்டும். எடுக்கும்போது மேலிருந்துதான் எடுக்க வேண்டும். அடியிலிருந்து உருவினால் முழுவதும் சரியும். கைவிடும் முன் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும்.

ஐந்து நடை

இந்த ஆண்டு அறுவடைக்கு முன் நான் கணக்கை ஒரு தாளில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். ஐந்து அடுக்கானால் மூன்று நடை. மூன்று அடுக்கானால் ஐந்து நடை. "ரெண்டு நடை சேருதே, டீசல் எவ்வளவு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அத்தைக்கு வைத்தியம் பார்த்த செலவையும் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மண்வெட்டியோடு போய் மதகின் ஓரத்தில் அரித்த இடத்தைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினார். வைக்கோலை மூன்று அடுக்காகவே ஏற்றினார். எல்லோரும் நடந்தே வீடு வந்தோம்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் ஏரிக்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவன். இதைச் சொன்னபோது அவன் வியப்படையவில்லை. "படகில் பாரத்தை அடியில்தான் வைப்போம்; நடுவில் எவனாவது எழுந்து நின்றால் திட்டு விழும்" என்றான். நீரில் வாழ்பவர்கள் தவறு செய்தால் உடனே தெரிந்துவிடுகிறது. நிலத்தில் இருக்கும் நமக்குப் பல நடை ஒன்றும் ஆகாமல் போவதால், ஒன்றும் ஆகாது என்றே நம்பிவிடுகிறோம். வேறுபாடு அவ்வளவுதான்.

கிராமத்திலிருந்து வந்து படிக்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் மிகப் பலர். இயற்பியல் படிக்காதவர்களும் இதைத் தம் வீட்டில் சொல்லலாம்: அடுக்கைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், பாதையை முன்னரே நடந்து பாருங்கள். இவற்றுக்குப் பட்டம் தேவையில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவர் கட்டுத் தூக்குவதில்லை. திண்ணையில் அமர்ந்து இடது கையால் சுட்டிக் காட்டுவார்; நான் அடுக்குவேன். கோணம், டேன்ஜன்ட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வண்டி மேல யாரும் ஏறாதீங்கன்னு எழுதினியா? அத எழுது மொதல்ல" என்றார்.

எழுதிவிட்டேன்: வைக்கோல் வண்டியின் மேல் யாரும் ஏறாதீர்கள்.